மூன்றடி தள்ளி நில்

1

போன சனிக்கிழமை, இங்கே மலேசியாவில், தைப்பிங்கில் பெண்கள் பள்ளிகளுக்கிடையே நடந்த வலைப்பந்து ஆட்டத்துக்கு நடுவராகப் போயிருந்தேன். தைப்பிங்கில் மழை இல்லாத மாலையைப் பார்ப்பது அபூர்வம். அன்றும் தூறிக்கொண்டுதான் இருந்தது. தரை வழுக்கியதில் இரண்டு பிள்ளைகள் மோதிக்கொண்டார்கள். விழாமல் இருப்பதற்காக ஒருத்தி மற்றவளின் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். நான் விசில் ஊதியிருக்க வேண்டும். ஊதவில்லை. அடிவயிற்றிலிருந்து, "விடாத! பிடி! பிடி!" என்று தமிழில் கத்தினேன்.

ஆட்டம் அப்படியே நின்றது. குடைக்குள் நின்ற மலாய்த் தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டம் பார்க்க வந்திருந்த என் மகள் செல்வி, பக்கத்திலிருந்த தோழியிடம் மலாயில் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து, மைதானத்தின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஈப்போவுக்குத் திரும்பும் பஸ்ஸில், "அந்தப் பிள்ளைகிட்ட என்னடி சொன்ன?" என்று கேட்டேன்.

"அந்த நடுவர் யாருன்னு கேட்டா மா. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன் லா," என்றாள். இங்கே எல்லார் பேச்சின் வாலிலும் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். அவள் குரலில் வருத்தமோ குறும்போ எதுவும் இல்லை. மணி கேட்டவருக்கு மணி சொன்னது போல இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை ஆண்டு கழித்தும் உள்ளே கிடக்கும் கபடி இப்படித் திடீரென்று வெளியே குதிக்கிறதே என்றுதான் ஆச்சரியமாக இருந்தது. ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே தீர்மானித்துவிட்டேன்.

2

கல்யாணத்துக்கு முன் புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் டிரில் டீச்சர். சுற்று வட்டாரத்தில் பெண்கள் கபடி எங்கே நடந்தாலும் என்னைத்தான் நடுவராகக் கூப்பிடுவார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி, வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டு, நடுக்கோட்டருகே நின்றால் எனக்கு இரண்டு வேலை. பாடிப் போகிறவளின் மூச்சு அறுகிறதா என்று காது கேட்க வேண்டும். எவளுடைய கால் கோட்டைத் தாண்டுகிறது என்று கண் பார்க்க வேண்டும். கட்டைவிரல் நுனி தாண்டினாலும் எனக்குத் தெரிந்துவிடும். மற்றபடி அவர்கள் கட்டிப் புரளலாம், இழுக்கலாம், நாலு பேர் சேர்ந்து ஒருத்தியை அமுக்கலாம். அதுதானே ஆட்டம்! தொடாமல் நின்றால்தான் குற்றம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தேன். கணவர் தங்கவேலு இங்கே ஒரு லாரிப் பட்டறையில் மெக்கானிக். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பத்தோடு நகரத்துக்கு வந்தவர். வீடு புந்தோங்கில். கோயில் மணியும் மோட்டார் சைக்கிளும் போட்டி போட்டுக்கொண்டு சத்தம் போடும் பேட்டை. வீட்டில் நாங்கள் இருவரும், அவருடைய தங்கை பாக்கியமும். பாக்கியம் சட்டை தைக்கும் ஆலையில் வேலை செய்தாள். இந்தியாவிலிருந்து வந்த அண்ணி என்பதால் என்மேல் அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. சாம்பாரை ருசி பார்க்கும்போதுகூட அதில் ஏதோ ஒளிந்திருப்பது போலப் பார்ப்பாள்.

வந்த புதிதில் அடிக்கடி குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய், இங்கே தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நானே மலாய் பேசிக் கணவரை அசத்த வேண்டுமென்று அகராதி பார்த்துத் தயாராகிப் போனேன். ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று முகப்பிலிருந்த இளைஞர் கேட்டார். நமக்கு நடுவர் என்றால் ஆட்டத்துக்கும் அவர்தான், பட்டிமன்றத்துக்கும் அவர்தான், தீர்ப்பு சொல்கிறவரும் அவர்தான். அகராதியில் எந்த வரியைப் பார்த்தேனோ, "சாயா ஹக்கிம்," என்றேன். நான் நீதிபதி என்று பொருள்.

அந்தப் பையன் எழுந்தே நின்றுவிட்டான். உள்ளே போய் ஒரு பெரியவரை அழைத்து வந்தான். அவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பட்டறை எண்ணெய் படிந்த சட்டையோடு நின்ற என் கணவரை இருவரும் மேலும் கீழும் பார்த்தார்கள். விஷயம் புரிந்ததும் கணவர் பதறிப்போய், "இல்ல துவான், பெங்காடில், பெங்காடில்! விளையாட்டு நடுவரு!" என்று விளக்கினார். பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நாற்காலியை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

3

பாக்கியம் மாலையில் புந்தோங் பெண்கள் அணியோடு வலைப்பந்து ஆடுவாள். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் நானும் ஒருநாள் கூடப் போனேன். கம்பத்தின் உச்சியில் ஒரு வளையம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது, கையில் வைத்துக்கொண்டும் நடக்கக் கூடாது. பிடித்த இடத்தில் நின்று இன்னொருத்திக்கு எறிய வேண்டும். எதிரணிக்காரி அவளைத் தொடவே கூடாது. இது என்ன ஆட்டமா, கோயில் வரிசையா என்று எனக்குத் தோன்றியது.

அப்போது ஒருத்தி பந்தோடு கோட்டை மிதித்துவிட்டாள். என் கண் அதைப் பிடித்த அதே நொடியில், இரண்டு விரலை வாயில் வைத்து நான் விசிலடித்துவிட்டேன். மைதானம் மட்டுமல்ல, சாலையில் போன ஒரு சைக்கிளும் நின்றது.

பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த மலாய் ஆசிரியை திரும்பி, "சியாப்பா?" என்றார். யார் அது என்று கேட்கிறார். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க அண்ணி," என்றாள்.

அவர்தான் சிக்கு ரொக்கியா. இங்கே ஆசிரியரைச் சிக்கு என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் தலைமுடிதான் நினைவுக்கு வந்தது. ஆனால் என் சிக்கலை எல்லாம் எடுத்தது அவர்தான். நடுவர்கள் போதாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். "விதியைச் சொல்லிக் கொடுத்துடலாம். இந்த விசிலைச் சொல்லிக் கொடுக்க முடியாது," என்று பாக்கியத்தை மொழிபெயர்க்க வைத்து என்னிடம் சொன்னார். பாக்கியம் வேண்டா வெறுப்பாக மொழிபெயர்த்தாள்.

முதல் பயிற்சி ஆட்டத்திலேயே என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. ஒருத்தி மற்றவளின் கையைப் பிடித்து இழுத்தாள். நான் ஆனந்தமாக விசில் ஊதி, பிடித்தவளின் பக்கம் கையை உயர்த்திப் புள்ளி கொடுத்தேன். ஒருத்தி பந்தைப் பிடிக்க ஓடும்போது நான் பழக்கத்தில் காதைச் சாய்த்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் வாயே திறக்கவில்லை. ஆளை அவுட் என்று வெளியே அனுப்பிவிட்டேன்.

சிக்கு ரொக்கியா ஓரமாக ஓடி வந்து, "தீகா காக்கி, புவான்! தீகா காக்கி!" என்று கத்தினார். புவான் என்றால் அம்மா, தீகா என்றால் மூன்று என்று எனக்குத் தெரியும். மூன்று காக்கியா? போலீஸ் வந்துவிட்டதோ என்று சாலையைப் பார்த்தேன். போலீஸ் இல்லை. பிறகுதான் பாக்கியம் சொன்னாள், காக்கி என்றால் கால், அடிக்கணக்குக்கும் அதே சொல். பந்து வைத்திருப்பவளிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. நான் அதை மனதில் ஏற்றி முடிப்பதற்குள் நாடு முழுக்க மீட்டருக்கு மாறிவிட்டது. சிக்கு புதிய கணக்கோடு வந்து நின்றார். வேண்டாம் சிக்கு, எனக்கு மூன்றடியே இருக்கட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

4

மூன்றடி எவ்வளவு என்று கண் சொல்ல வேண்டுமானால் வீட்டிலும் பழக வேண்டும் என்றார் சிக்கு. பாக்கியத்தின் தையல் டேப்பை எடுத்து மூன்றடிக்கு ஒரு கம்பு வெட்டிக்கொண்டேன். வீட்டில் யார் யார் பக்கத்தில் நின்றாலும் நடுவே கம்பை நீட்டிப் பார்ப்பேன். பட்டறையிலிருந்து வந்த கணவர் காப்பிக்காகச் சமையலறைக்குள் நுழைந்தால், "தள்ளி நில்லுங்க, ரெண்டேகால் அடிதான் இருக்கு," என்பேன்.

நாலைந்து நாள் பொறுத்தார். ஒருநாள் காப்பியை மூன்றடி தூரத்திலிருந்தே எட்டி வாங்கிக்கொண்டு, "என்னா லா இது? கப்பல் ஏறிப் போயி கல்யாணம் கட்டிக்கிட்டு வந்தது மூணடி தள்ளி நிக்கிறதுக்கா?" என்றார்.

"தொட்டா தப்பு," என்றேன்.

"அப்ப கபடிக்கே போயிரு லா. அதுவாவது பரவால்ல."

உடையிலும் ஒரு மாற்றம். நடுவர்கள் வெள்ளைப் பாவாடை அணிய வேண்டும். பள்ளிக்கூட நாளோடு நான் பாவாடையை விட்டவள். பாக்கியம்தான் தைத்துத் தந்தாள். முழங்காலுக்குக் கீழே இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு அவள், "போதும் அண்ணி, இன்னும் எறக்குனா தரையக் கூட்டிக்கிட்டுதான் ஓடணும்," என்றாள். அவள் என்னிடம் முதன்முதலாகச் செய்த கேலி அதுதான். நான் மகிழ்ந்துபோனேன்.

ஓர் ஆட்டவிதி மட்டும் எனக்கு முதல் நாளிலிருந்தே கைவந்தது. பந்தைப் பிடித்தவள் ஊன்றிய காலைத் தூக்கி மறுபடி தரையில் வைத்தால் குற்றம். அதை இங்கே லங்கா என்பார்கள். எட்டு வைப்பது என்று பொருள். கட்டைவிரல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எம்மாத்திரம்! சிக்குவே பார்க்காத லங்காவை எல்லாம் நான் பார்த்தேன்.

5

அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் புந்தோங் அணியும், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து அணியும் மோதின. என்னை நிரந்தர நடுவர்கள் வரிசையில் சேர்க்கலாமா என்று பார்த்து முடிவு செய்ய வலைப்பந்துச் சங்க அதிகாரி ஒருவர் வந்து கூடாரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே சிலர், பாஸில் இருக்கிற பெண்ணைச் சேர்ப்பதா என்று கேட்டிருந்தார்கள். சிக்கு ரொக்கியா அவர்களோடு வாதாடி இந்த ஒரு வாய்ப்பை வாங்கியிருந்தார்.

பாக்கியம் ஆடும் ஆட்டத்துக்கு நான் வேண்டாமே என்று சொல்லிப் பார்த்தேன். வேறு ஆள் இல்லை, புந்தோங்குக்குப் பயிற்சி கொடுக்கும் நானே ஒரு பாதிக்கு ஊதவில்லையா என்றார் சிக்கு. தோட்டத்து அணியின் தடுப்பாட்டக்காரி ராக்கம்மாவும் விஷயத்தைக் கேள்விப்பட்டுவிட்டாள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, எடை போட்டு, அப்படியே லாரியில் ஏறி வந்திருந்தவள். நல்ல உயரம், தூண் மாதிரித் தோள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணி ஊதுவாங்க, நாத்தனா ஆடுவாங்க, நாங்க சும்மா கைதட்டிட்டுப் போவணுமா?" என்று கூடாரம் வரை கேட்கும்படி சொன்னாள்.

மைதானத்தில் ஒரு பாதிக்கு நான், மறுபாதிக்குச் சிக்கு. முதல் பாதி ஆட்டத்தில் புந்தோங்காரர்கள் சிக்குவின் பக்கம் கோல் போட்டார்கள். எனக்குத் தொல்லையில்லை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. பாக்கியம் என் கண் முன்னால் வந்து நின்றாள். அவளை மறிக்க ராக்கம்மா.

ஆட்டம் சரிக்குச் சரியாகப் போனது. ராக்கம்மா நெருங்கினால் ஊதினேன். பாக்கியம் இடித்தாலும் ஊதினேன். இரண்டு பக்கத்துக் கூட்டமும் முறை வைத்து என்னைத் திட்டியது. கடைசி நிமிடங்களில் இரண்டு அணியும் சமம். அப்போது பாக்கியம் உயரே எம்பி ஒரு பந்தைப் பிடித்தாள், அவ்வளவு அழகாக. வளையம் பக்கத்திலேயே இருந்தது. ராக்கம்மா சரியாக மூன்றடி தள்ளிக் கையை உயர்த்தி நின்றாள். பாக்கியம் குறி பார்த்தாள். வலது காலில் ஊன்றியிருந்தவள், அதை மெல்லத் தூக்கி, ஒரு சாண் முன்னால் வைத்தாள்.

வேறு யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஊதினேன்.

"லங்கா!"

புந்தோங் கூட்டத்திலிருந்து ஒரு பெரும் கூச்சல் எழுந்தது. பாக்கியம் பந்தைத் தரையில் அடித்தாள். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் நிற்க, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க இந்தியாவுலயே இருந்திருக்கலாம் லா!"

அந்த வார்த்தையை அவள் வீட்டில் எப்போதாவது சொல்லிவிடுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். இத்தனை பேர் நடுவில் சொல்வாள் என்று நினைக்கவில்லை. விசில் என் வாயிலிருந்து நழுவியது.

ஆனால் வருத்தப்பட நேரம் கிடைக்கவில்லை. சற்று முன் வரை என்னை நம்பாத ராக்கம்மா, இப்போது எனக்காகக் கொதித்துப்போனாள். "சொந்த நாத்தனானுகூடப் பாக்காம ஊதுனாங்களே, அவங்களையா பேசுற?" என்று கையை ஓங்கிக்கொண்டு பாக்கியத்தின் மேல் பாய்ந்தாள். அந்தக் கை விழுந்திருந்தால் பாக்கியம் ஒரு வாரம் ஆலைக்குப் போயிருக்க முடியாது.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் விசிலைத் தேடியிருப்பேன். குனிந்து, தரையோடு தரையாகப் பாய்ந்து, ராக்கம்மாவின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, மார்போடு சேர்த்து ஒரு சுண்டு சுண்டினேன். புதுக்கோட்டையில் என் பிள்ளைகளுக்கு நான் நூறு முறை சொல்லிக்கொடுத்த பிடி. தூண் சாய்ந்தது. ராக்கம்மா மல்லாக்க விழுந்தாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு நான் குப்புறக் கிடந்தேன்.

சிக்கு ரொக்கியா ஓடி வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். எங்களுக்கிடையே எத்தனை அடி இருக்கிறது என்று பார்த்தாரோ என்னவோ. நான் எழுந்து, புல்லைத் தட்டிவிட்டு, விசிலைத் தேடி எடுத்து, நீளமாக ஊதினேன். பிறகு என்னையே சுட்டிக்காட்டி, "செந்துகான்," என்றேன். தொடுகைக் குற்றம்.

முதலில் சிரித்தவள் ராக்கம்மாதான். புல்லில் கிடந்தபடியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அக்கா, என்னா பிடி இது! மரத்துல மாடு இடிச்சாப்ல இருந்துச்சு!"

நடுவர் குற்றம் செய்தால் என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தில் இல்லை. சிக்கு இரண்டு பக்கமும் பேசிப் பார்த்து, பாக்கியத்தையும் ராக்கம்மாவையும் எதிரெதிரே நிறுத்தி நடுவில் பந்தைத் தூக்கிப் போடச் சொன்னார். போட்டேன். நீளக் கைக்காரியான ராக்கம்மாவுக்குத்தான் பந்து போனது. அவள் எறிய, இன்னொருத்தி பிடிக்க, மறுமுனையில் தோட்டத்து அணி கோல் போட்டது. அதோடு நேரம் முடிந்தது. கோப்பை தோட்டத்துக்குப் போனது.

அதிகாரி கூடாரத்திலிருந்து எழுந்து வந்தார். யாழ்ப்பாணத்து வம்சம், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை. என் அருகே வந்து தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, நீர் லங்கா, லங்கா எண்டு கத்தேக்குள்ள, என்னைத்தான் கூப்பிடுறீர் எண்டு ரெண்டு தரம் எழும்பீட்டன்."

"மன்னிச்சுக்குங்க சார்."

"பரவாயில்லை. உம்மட பேரைச் சேர்க்கச் சொல்லிப் போட்டன். சொந்த வீட்டு ஆளுக்கு ஊதுறவ எல்லாருக்கும் ஊதுவா." நாலடி நடந்தவர் திரும்பி வந்து, "இனிமேல் ஆட்டக்காரரைப் பிடிக்கப்படாது, என்ன?" என்றார். மறுபடி நடந்து மறுபடி திரும்பினார். "எண்டாலும், பொலிஸ் மகளிருக்கு அந்தப் பிடியைக் கொஞ்சம் சொல்லிக் குடுப்பீரோ?"

6

புந்தோங்குக்குத் திரும்பும் பஸ்ஸில் பாக்கியம் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடமிருந்தும் வரவில்லை. அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். முழங்காலில் தோல் உரிந்து எரிந்தது. அதைவிட அவள் சொன்ன சொல் எரிந்தது. ஊரில் இருந்திருந்தால் இந்நேரம் என் பிள்ளைகள் எனக்கு மோர் வாங்கிக்கொடுத்திருப்பார்கள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன். இங்கே வந்து எதற்காக மூன்றடி, மூன்றடி என்று கம்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்றும் தோன்றியது.

பாதி வழியில், திரும்பாமலேயே அவள் கேட்டாள். "அண்ணி, நெசமாவே நான் காலத் தூக்குனேனா?"

"தூக்கின."

"எந்தக் காலு?"

"வலது கால். ஒரு சாண்."

ஒரு நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "யாரும் பாத்திருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்." பிறகு, "அவ அடிச்சிருப்பா, இல்ல?"

"அடிச்சிருப்பா."

பாக்கியம் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை, இன்று வரை வந்ததுமில்லை. தன் கைக்குட்டையை எடுத்துத் புட்டித் தண்ணீரில் நனைத்து, என் முழங்காலில் வைத்து அழுத்தினாள். எனக்கு எரிந்த எரிச்சலில் கண்ணீர் வந்தது. எரிச்சலில்தான் வந்தது என்று அவளும் நம்பியது போல ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"கையி எங்க வைக்கணும் அண்ணி? கணுக்காலுக்கு மேலயா, கீழயா?"

"குதிகாலுக்குச் சற்று மேல. இன்னொரு கை முன்பக்கம். இழுக்கக் கூடாது, சேர்த்துக் கட்டிக்கணும். உடம்போட கனம் மிச்சத்தைப் பாத்துக்கும்."

"தலை?"

"தலை வெளிப்பக்கம். உள்ள கொண்டுபோனா மூக்கு போயிரும்."

பஸ் நிற்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். இறங்கியதும் சாலையோரத்தில் குனிந்து, காற்றில் ஒரு காலைப் பிடித்துப் பார்த்தாள். கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் கணவர் பனியனோடு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒன்றாக வருவதையும், என் பாவாடை புல்லும் மண்ணுமாக இருப்பதையும் பார்த்தவுடன் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் பையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பாய்ந்தாள். தலை வெளிப்பக்கம்தான் இருந்தது. பிடியும் சுத்தமாக விழுந்தது.

மல்லாக்கக் கிடந்த என் கணவர், ஒரு கையால் பின்மண்டையைத் தடவிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"யாரு லா ஜெயிச்சது?"